தலைகீழ்

அன்றைக்கு மூன்றாவது முறையாக
ஏற்றத்தில் செத்துப்போனது ஸ்கவுட்.
முன்சக்கரங்கள் வானம் பார்க்க
இருக்கையில் மல்லாந்து கிடந்தோம், நானும் லீலண்டும்,
பல் பிடுங்க வந்தவர்கள் மாதிரி.
கார்புரேட்டர் கிண்ணத்துக்குள் மிதவைக்கு
மேல் எது கீழ் எது என்று குழம்பிவிட்டது.
எஞ்சின் பெட்ரோலை வாரிக் குடித்தது,
புரையேறியது,
நின்றது.
பிரேக்கை மிதித்த கால் நடுங்க
வந்த வழியே பின்பக்கமாக இறங்கினோம்,
ஒவைஹீயின் எரிமலைக் கற்கள்மேல்
அங்குலம் அங்குலமாக.

பகலில் எனக்கு வெங்காயக் கிட்டங்கியில் வேலை.
பதினொரு ஃபோர்க்லிஃப்டுகள்,
எல்லாம் புரொப்பேன் குடிப்பவை.
ஒன்பதாம் எண்ணைக் கழித்துக்கட்டியபோது
அதன் குடலை மட்டும் விலைக்குக் கேட்டேன்.
நாற்பது டாலர்.
"பழைய இரும்பு, பலவகை" என்று
திருமதி ஊகால்தே ரசீது எழுதினாள்.

"பெட்ரோலுக்கென்றே பிறந்த எஞ்சின் இது" என்றான்
நிஸ்ஸாவில் உதிரிபாகம் விற்கும் டெல்பர்ட்.
"நீ தலைகீழாய் நின்றாலும் ஓடாது, மைத்தே."

ஜனவரி முழுக்க நின்றேன்.
தலைகீழாய் இல்லை,
பெரும்பாலும் வண்டிக்கடியில் மல்லாந்து.
கழற்றிக் கவிழ்த்த பெட்ரோல் தொட்டியிலிருந்து
இரண்டு கைப்பிடி மணல்,
யாருடையதோ ஒரு சாவி.
சிலிண்டரைப் பின்னிருக்கை இருந்த இடத்தில் கிடத்தி
இரும்புப் பட்டையால் இறுக்கினேன்.
திரவம் வாயுவாகும் இடத்தில்
ரெகுலேட்டருக்கு உறைபனி பூத்துவிடும்;
அதற்கு ரேடியேட்டரிலிருந்து ஒரு வெந்நீர்க் குழாய்,
சளி பிடித்தவனுக்கு ஆவி பிடிப்பதுபோல.

கசிவைப் பார்க்க மூக்கை நம்பவில்லை.
வெங்காயத்தோடு பதினேழு வருடம்
குடித்தனம் நடத்திய மூக்கு.
சோப்புத் தண்ணீரைத் தடவிவிட்டுக் காத்திருந்தேன்.
மூன்றாவது மூட்டில்
ஒரு குமிழி, குண்டூசித் தலையளவு,
நிதானமாகக் கண் திறந்தது.
அந்த இரவு தூக்கம் இல்லை.
அடுத்த நாள் எல்லா மூட்டையும் பிரித்து
மறுபடி பூட்டினேன்.

மார்ச்சில் அதே ஏற்றம்.
முன்சக்கரங்கள் வானத்துக்கு.
எஞ்சின் கவனிக்கவேயில்லை.
சாய்ந்தால் தளும்ப அதனிடம் எதுவும் இல்லை இப்போது.
உச்சியில் கத்தவேண்டும்போல் இருந்தது எனக்கு;
லீலண்ட் முந்திக்கொண்டான்.

குறித்துக்கொள்ளாத ஒன்று:
சமதரையில் மட்டுமே உண்மை பேசும் அளவுமானி.
நாள் முழுக்கச் சரிவிலேயே இருந்தோம்.
நாலரை மணிக்கு
இருமல் இல்லை, முனகல் இல்லை,
பேச்சின் நடுவே எழுந்து போன விருந்தாளியாக
எஞ்சின்.
ஞாயிற்றுக்கிழமை.
ஜோர்டன் வேலிக்கு முப்பத்தெட்டு மைல்,
போய்ச் சேர்ந்தாலும் பம்ப் பூட்டியிருக்கும்.

நடந்தோம். ஆற்று வளைவில்
ஐடஹோ எண்பலகையோடு ஒரு டிரெய்லர்.
ஹார்லன் என்பவர் கிரில்லில்
சாசேஜ் புரட்டிக்கொண்டிருந்தார்.
நான் சாசேஜைப் பார்க்கவில்லை,
அதற்குக் கீழே இருந்த வெள்ளைச் சிலிண்டரை.
அவர் மனைவி பெர்னீஸ் என் கண் போன இடத்தைக் கண்டு
"அடக் கடவுளே" என்றாள்.

கிரில் சிலிண்டர் நிமிர்ந்து நின்றால்
வாயுவைத்தான் தரும்.
ஸ்கவுட்டுக்குத் திரவம் வேண்டும்.
கிட்டங்கிக்காகக் கடைந்த பித்தளை இணைப்பொன்று
கருவிப்பெட்டியின் அடியில் கிடந்தது.
ஹார்லன் அடுப்பை அணைத்தார்.
சிலிண்டரை நாங்கள் மூவரும் தூக்கி
உதிரி டயரின் குழிக்குள் கவிழ்த்து
கயிற்றால் கட்டினோம்.
மறுபடியும் சோப்புத் தண்ணீர். குமிழி இல்லை.

ஒரே திருகல்.

வண்டியிலிருந்த வெங்காய மூட்டையை
பெர்னீஸிடம் இறக்கிக் கொடுத்தேன்.
வேகாத சாசேஜ் பாதியோடு
அவர்கள் கையசைத்தபோது
லீலண்ட் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து
கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.
டெல்பர்ட்டுக்குக் காட்ட
ஒரு படம் எடுக்கச் சொன்னேன்.
கை நடுக்கத்தில் மங்கிய படம்.
எது மேல் எது கீழ் என்று
பார்ப்பவர்களுக்குத் தெரியாது.