சனிக்கிழமை ஏழேகால்

முதல் ஆம்ப்ளிஃபயரைத் திருப்பிக் கொடுத்தேன்.
இரண்டாவதையும்.
மூன்றாவது வந்த அட்டைப்பெட்டியைக்
கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன்,
எப்படியும் தேவைப்படும் என்று.

பதினெட்டுக் கிலோ.
முகம் முழுக்க அலுமினியம்.
ஒலிக் குமிழ்
எண்ணெயில் மிதப்பதுபோல் சுழலும்.
குவோப்பியோவில்
என் இரண்டு மாத வாடகை அது.

வாரம் முழுக்க ஒரு குறை சொல்ல முடியாது.
செலோக்காரி வில்லைத் தூக்குமுன்
இழுக்கும் மூச்சு
புத்தக அலமாரிக்கு இடப்பக்கம் கேட்கும்.
சனிக்கிழமை ஏழேகாலுக்கு மட்டும்
உள்ளே ஒரு சில்வண்டு.
ஸ்பீக்கரில் இல்லை, பெட்டிக்குள்.
மூடியில் கை வைத்தால்
விரல் எலும்பில் ஏறும்.
பதினைந்து நிமிடம்.
பிறகு தானாகவே அடங்கும்.

சனிக்கிழமை சர்வீஸ் கடை கிடையாது.
திங்களன்று பனிச்சறுக்கு வண்டியில் கட்டி
குழந்தையைப் போல் போர்த்தி
இழுத்துப் போவேன்.
தைஸ்தோ ஒயரைச் செருகி
காதை வைத்துக் கேட்பார்.
டாக்டரைக் கண்டதும் வலி மறந்த பல்லாக
அது வாய்மூடிக் கிடக்கும்.
"நல்லாத்தானே இருக்கு, ஊர்போ."
பார்த்ததற்கு நாற்பது யூரோ.
மூன்றாம் முறை அவர் உற்றுப் பார்த்தது
ஆம்ப்ளிஃபயரை அல்ல.

கம்பெனிக்கு எழுதினேன்:
இதைச் செய்தவர்களில் ஒருவருக்காவது
காது உண்டா?
நான்கு மொழிகளில் வருத்தம் வந்தது.
மச்சினனிடம் சொன்னேன்
அந்தப் பெயரைத் தொடாதே என்று.
அவன் தொடவில்லை. வேறு வாங்கினான்.
சந்தோஷமாக இருந்தான், அதுவும் எரிந்தது எனக்கு.

பிப்ரவரியில் ஒரு சனி.
ஃபிரிட்ஜ் முதல் கடிகாரம் வரை
எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு
இருட்டில் மல்லாந்து படுத்தேன்.
வண்டு தொடங்கியது.
அதே நொடியில்
கூரைக்கு மேலே இன்னொன்று.

சிர்க்கா ஹுக்கனென் கதவைத் திறந்தாள்.
ஏழாம் நம்பர் பஸ் ஓட்டுபவள்.
கட்டடத்துச் சானாவில் அவள் முறை
சனி ஆறு முதல் ஏழு.
ஈரத் தலை, கையில்
பழுப்பு நிற ஹேர் ட்ரையர், மெதுவான வேகத்தில்.
"வேகத்தைக் கூட்டுங்க" என்றேன்,
வணக்கம் சொல்ல மறந்து.
ஓடி இறங்கினேன். மௌனம்.
ஓடி ஏறினேன். "குறைங்க."
இறங்கினேன். வண்டு.
நான்கு முறை இப்படி.
ஐந்தாம் முறை எனக்கொரு நாற்காலி போட்டிருந்தாள்.

தைஸ்தோ பிறகு விளக்கினார்:
மெதுவான வேகத்தில் அது
அலையில் பாதியை மட்டும் தின்னும்.
கட்டடத்து மின்சாரம்
கொஞ்சம் ஒரு பக்கம் சாயும்.
உங்களுடையது போன்ற டிரான்ஸ்ஃபார்மர்தான்
அதற்குக் கூசும்.
மச்சினனுடையது கண்டுகொள்ளாது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.
கம்பெனிக்கு மன்னிப்பு எழுத உட்கார்ந்தேன்,
'மதிப்பிற்குரிய' என்பதைத் தாண்டவில்லை.

புது ட்ரையர் ஒன்று வாங்கிக் கொடுத்தேன்,
முப்பத்தொன்பது யூரோ,
இரண்டு வருட உத்தரவாதம்.
நூறு சனிக்கிழமைகள்
செலோ முழுசாகக் கேட்டேன்.

இருபத்தாறாம் மாதம் அது செத்தது.
கருகிய வாசனை படிக்கட்டு வரை வந்தது.
சிர்க்கா அலமாரியைத் திறந்து
பழுப்பு நிறத்தை எடுத்தாள்.
எண்பத்து மூன்றில் முதல் சம்பளத்தில் வாங்கியதாம்.
ஒருமுறைகூட ரிப்பேர் பார்த்ததில்லையாம்.

எதையாவது நம்பி வாங்கலாமா என்று
மச்சினன் போனில் கேட்டான்.
ஒன்று இருக்கிறது, மேல்மாடியில்,
விற்கமாட்டாள் என்றேன்.

நேற்றும் ஏழேகாலுக்கு வந்தது வண்டு.
வில்லைப் பாதியில் நிறுத்திவிட்டு
உருளைக்கிழங்கு உரித்தேன்.
முடி வளர்த்திருக்கிறாள் போல.
இருபது நிமிடம் ஆனது.