இதர இரும்பு

மழைநீர் வடிகாலுக்காகக்
கொண்டித்தோப்பில் ஐந்தடி தோண்டியபோது
ஜேசிபியின் பல்லில் ஏதோ இடறியது.
தணிகைவேல் எஞ்சினை அணைத்துவிட்டு
"கேபிள் இல்லையே மேடம்?" என்றான்.
போன மாதம் அப்படித்தான்
மூன்று தெருவுக்கு மூன்று நாள் இருட்டு.

கேபிள் இல்லை.
கறுப்புச் சேறு வழிய ஏழு கட்டிகள்,
கருணைக்கிழங்கு மாதிரி
முண்டும் முடிச்சுமாக.
விரலில் ஒட்டிய செம்பழுப்பு
மதியச் சோற்றிலும் மணத்தது.

பார்க்க வந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.
குதிரை கட்டிய முளை என்றார் பால்பூத்காரர்.
"செய்வினை, தொடாதீங்க" என்று
எதிர்மாடியில் கத்திய பெண்
எலுமிச்சம்பழத்தோடு இறங்கியே வந்துவிட்டாள்.
ரோந்துக் காவலர் மோகனாம்பாள்
குண்டாக இருந்தாலும் இருக்குமென்று
பதினோரு மணிவரை எங்களை
ஓரமாக நிறுத்திவைத்தார்.

காயலான்கடை ஜபருல்லா மட்டும்
என்னவென்று கேட்கவில்லை.
காந்தத்தை வைத்தார்.
ஒட்டவில்லை.
"இதுல இரும்பே இல்லம்மா.
துருவுக்கு நான் காசு தர்றதில்ல."

அளவுப் புத்தகத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.
பொருளின் பெயர்.

ராத்திரி அறையில்
வாளியில் சோடா உப்பு கரைத்து
ஒன்றை ஊறவைத்தேன்.
விடிந்ததும் சுத்தியலால் ஒரு தட்டு.
பனங்கொட்டை போலப் பிளந்தது.
உள்ளே ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாதது
சதுரமாக இருந்தது.
அரையடி நீளம், முனை கூர்.
இரும்பு எப்போதோ கிளம்பிப் போயிருந்தது,
தன் அளவை மட்டும்
மண்ணிடம் கொடுத்துவிட்டு.

எம்-சீல் பிசைந்து
இரண்டு பாதியிலும் அடைத்துச் சேர்த்துக் கட்டினேன்.
இறுகியதும் உடைத்தால்
சாம்பல் நிறத்தில் ஓர் ஆணி,
இன்றைக்குத்தான் செய்ததுபோல.

டீக்கடையில் அல்போன்ஸ்,
பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர்,
போண்டாவைக் கீழே வைக்காமலே சொன்னார்:
"தண்டவாள ஆணி.
தலை ஒரு பக்கமா நீண்டிருக்கு பாருங்க,
அதுதான் தண்டவாளத்த அமுக்கிப் பிடிக்கும்."
பிறகு அவரே சந்தேகப்பட்டார்.
"ஆனா இந்தச் சந்துல ஏது ரயிலு?"

கட்டை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.
தண்டவாளமும் இல்லை.
ஏழு ஆணிகள், ஒரே இடத்தில்,
கோணிப்பையில் கட்டிப் போட்டதுபோல.
எவனோ எங்கிருந்தோ கிளப்பிக்கொண்டு வந்து
ஆள் நடமாட்டம் அடங்கட்டுமென்று புதைத்து
அப்புறம் வரமுடியாமலே போயிருக்கலாம்.
அல்போன்ஸ் சிரித்தார்.
"எங்க ஸ்டோர்ல இன்னிக்கும்
ஆணிக் கணக்கு இடிக்குது மேடம்."

இதர இரும்பு - 7 என்று எழுதினேன்.
ஜபருல்லாவின் காந்தம் நினைவுக்கு வர
இரும்பை அடித்தேன்.
இதர - 7.
உடைத்தது ஒன்று போக, 6.

மாலை லாரியில் கம்பி வந்தது.
பன்னிரண்டு எம்எம், நானே எண்ணி
பள்ளத்தில் இறக்கினேன்.
இரண்டு மழை பார்த்த கம்பிகள்,
ஓரமெல்லாம் சிவந்திருந்தன.
கட்டுக்கு ஒரு சீட்டு தொங்கியது,
பெயரும் தேதியும் முத்திரையுமாக.
அதைப் பிய்த்துப் பையில் வைத்துக்கொண்டு
கான்கிரீட்டை ஊற்றச் சொன்னேன்.