பதின்மூன்று டிகிரி

அலகாய் சதுப்பின் மூடுபனியில் கட்டிய வலைக்குள்
ஆறேகால் மணிக்கு ஓர் இஈவி.
பழுத்த மிளகாய்ச் சிவப்பு.
கவேனா துணிப்பையிலிட்டு எடை பார்க்கிறாள்:
பதினேழு கிராம்.
இதே கால், இதே வளையம், போன வருஷம் பத்தொன்பது.

இறக்கைக்கு அடியில் வாயால் ஊதினால்
இறகு விலகி நரம்பு தெரியும்.
ஊசிமுனை. ஒரு சொட்டு.

கொசுவுக்கு இவ்வளவுகூட வேண்டாம்.
குடித்த ரத்தத்தோடு ஆணும் பெண்ணுமாய்ப் போனவை
அவள் வயிற்றில் கூடி
சுவரில் முடிச்சு முடிச்சாய்ப் பருத்து
வெடித்து
எச்சில்வரை ஏறிக் காத்திருக்கும்.
அவளுக்கு எதுவும் தெரியாது. முட்டைக்காகப் பசி, அவ்வளவே.
அடுத்த கிளையில் உறங்கும் பறவைக்கு
இறகில்லாத இடம் கண்ணோரம் கொஞ்சம், கால் கொஞ்சம்.
போதும்.

குளிரில் முடிச்சு முற்றாது.
பதின்மூன்று டிகிரிக்குக் கீழே அவை சும்மா கிடக்கும்.
அதை நம்பித்தான் மிச்சமிருந்தவை மேலே வந்தன,
வெள்ளத்தில் கூரை ஏறியவர்களைப் போல.

பன்றிகள் குடைந்து தின்ற மரப்பெரணித் தண்டில்
நேற்றைய மழை.
எட்டிப் பார்த்தாள். தண்ணீர் நெளிந்தது.
வெப்பமானி பதினாறு என்றது.
இரண்டு முறை துடைத்துப் பார்த்தும் பதினாறு.

இப்போது ஒரு கையில் பறவை,
மறுகையில் ஈரம் காயாத ரத்தத் தகடு.
மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது ஒன்று.
அடிக்கக் கை இல்லை.
குடி, என்றாள்.
என் ரத்தத்தில் உன் சரக்குக்கு இடமில்லை.
வயிறு நிறையக் குடி.
இன்றிரவு யாரிடமும் போகாதே.