கணக்கில் சேர்ந்தவை

இரவு டியூட்டி முடிந்து
கையில் டெட்டால் வாசனை போகவில்லை.
செங்கொடியின் கொழுந்தன் கொடுத்த மாருதி.
இடப்பக்கக் கண்ணாடி இறங்காது,
ஹாரன் அடித்தால் வைப்பர் ஆடும்.
மயிலாடுதுறை விட்டு ஆக்கூர் தாண்டியதும்
பின்சீட்டில் ஹாஜிரா நோட்டைப் பிரித்தாள்:
"பார்க்கிற உயிரெல்லாம் எழுதணும்.
ஆடு மாடு சேர்த்தி இல்ல."
திருக்கடையூரில் அறுபதாம் கல்யாண ஜோடி ஒன்று
மாலையோடு ரோட்டைக் கடந்தது.
இதுவும் உயிர்தானே என்றேன்.
முறைத்தாள்.

தரங்கம்பாடியில், கோட்டைக்குக் கீழே,
முதலில் கண்டது ஆமை.
கவிழ்த்துப்போட்ட அண்டா போல்
மணலில் பாதி புதைந்து,
கழுத்தில் படகின் விசிறி வெட்டிய கோடு.
நாய் ஒன்று சற்றுத் தள்ளி உட்கார்ந்து
அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

பேனா நின்றது.
"செத்தது கணக்குல வருமா?"
கடலைப் பார்த்தபடி செங்கொடி சொன்னாள்:
"ராத்திரி ரிப்போர்ட்டுல
பதினேழாம் பெட்டையும் சேர்த்துத்தானே
முப்பத்திரெண்டுன்னு எழுதின."
ஹாஜிரா எழுதினாள்.
பங்குனி ஆமை. ஒன்று.
நேரம் ஏழு நாற்பது என்றும் எழுதினாள்,
பழக்கதோஷம்.

காரைக்காலில் எல்லோரையும் போல
டேங்க் நிறையப் பெட்ரோல்.
அதற்கு முன்னும் பின்னும் பாலம், பாலம், பாலம்.
அரசலாறு என்றது ஒரு பலகை,
திருமலைராஜன் ஆறு என்றது இன்னொன்று,
வெட்டாறு, கடுவையாறு, வெள்ளையாறு.
குடகில் ஒரே பெயரோடு கிளம்பியவள்
கடன்காரருக்கு ஒளிகிறவள் போல
பாலத்துக்கொரு பெயர் சொல்லி
முட்டியளவுத் தண்ணீரோடு கடலுக்குப் போகிறாள்.
மாசிக்கு அவ்வளவுதான்.

நாகூர் தர்கா புறாக்களை எழுத விடவில்லை.
"அதெல்லாம் எங்க வீட்டு ஆளுங்க."
நாகையில் மீன்கூடைகளுக்கு மேல் செம்பருந்து நான்கு.
வேளாங்கண்ணி தாண்டி ரோட்டில் பாதி நெல் காய்ந்தது,
அறுத்த வயலில் நத்தைகுத்தி நாரைகள்;
எண்ணி முடிப்பதற்குள்
செங்கொடி நாலாம் கியருக்குப் போய்விட்டாள்.

வேதாரண்யத்தில் உப்பளம்.
வெள்ளை விரிப்பு, அதற்கப்பால் வெள்ளை விரிப்பு,
இடையில் குனிந்து நிமிரும் ஒருத்தி.
நான் வார்டை நினைத்தேன்.
மற்ற இருவரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

கோடியக்கரை.
வனக்காவலர் தாயுமானவன் சொன்னார்,
"மானுக்கு முன்னால குதிரை வரும், பயப்படாதீங்க."
வந்தது. பிடரியில் முட்கிளை சிக்கி,
யாருக்கும் சொந்தமில்லாத மிடுக்கோடு.
அதற்குப் பின்னே, திறந்த புல்வெளியில், வெளிமான்கள்.
கருத்த கடா ஒன்று
திருகுக்கொம்பை முதுகில் சாய்த்து எங்களை மோந்தது.
டெட்டாலையா, தூக்கமில்லாததையா,
எது பிடிக்கவில்லையோ,
தும்மிவிட்டுத் துள்ளியது.
தரை சுடுவதுபோல்
ஒவ்வொன்றாய் எகிறிப் போயின மற்றவை.
முப்பத்தொன்று, என்றாள் ஹாஜிரா.
முப்பத்திரெண்டு, என்றாள் செங்கொடி.
அந்த ஒன்றுக்காக
இருவரும் வெயிலில் நின்று சண்டை போட்டார்கள்.

பூநாரைகள் சேற்றுக்கு அப்பால், வெகுதூரத்தில்,
துவைத்தும் போகாத பழைய கறையாய்
ஓர் இளஞ்சிவப்பு.
அசைந்தபோதுதான் பறவை என்று புரிந்தது.
ஆயிரமோ, ஐயாயிரமோ.
ஹாஜிரா பேனாவை மூடினாள், திறந்தாள்,
"நிறைய" என்று எழுதினாள்.
பதினொரு வருஷத்தில்
எந்தப் பதிவேட்டிலும் அந்தச் சொல்லுக்கு
இடம் விட்டிருந்ததில்லை.

திரும்பும்போது, வேட்டைக்காரனிருப்பு அருகில்,
புழுதிக்குள்ளிருந்து எதுவோ குறுக்கே ஓடியது.
செங்கொடி ஹாரன் அடித்தாள். வைப்பர் ஆடியது.
நரி, என்றாள்.
நாய், என்றேன்.
"நரிதான். நரி முகத்துல முழிச்சிருக்கோம்.
இன்னிக்கி ராத்திரி
ஒருத்தரும் போக மாட்டாங்க, பாரு."

ஹாஜிரா வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.
அவள் மடியிலிருந்து நோட்டை எடுத்து
நரி, ஒன்று, என்று எழுதினேன்.

நாய்தான் அது.