வணிகக் கட்டடம்

நாலுவழிச் சாலை வந்த பிறகு
பணகுடிப் பழைய ரோட்டில்
பஸ்ஸை விட ஆடுகள் அதிகம்.
ஆதிலிங்கத்தின் உரக்கடை
ஆறு வருஷம் பூட்டிக் கிடந்து
என் கைக்கு எட்டும் விலைக்கு இறங்கியது.

உள்ளே இப்போது
எஞ்சின் இறக்கிய ஒரு ஜீப்,
வைஸ் பூட்டிய மேசை.

ஷட்டரைத் தூக்கினால்
'என்ன யாவாரம் வே?'
ஒண்ணுமில்லை என்றால்
சீட்டுக் கம்பெனியாக இருக்கும் என்று
தள்ளி நின்று பேசிக்கொள்கிறார்கள்.
இறக்கினால்
ஆடிக்காற்று தகரத்தை அறைந்து
அதையே கேட்கிறது.

மின்வாரியத்தில் மனு கொடுத்தேன்.
'குடியிருக்கீரா?' இல்லை.
'எதும் விக்கீரா?' இல்லை.
'அப்ப கடை ரேட்டுதான்.'

பகலில் எண்பது மீட்டர் உயரத்தில்
கம்பெனிக் காற்றாலைக்கு போல்ட் முறுக்குகிறேன்,
சம்பளம் வருகிறது.
ராத்திரி இங்கே முறுக்குவதற்கு
யூனிட் கணக்கில் நான் கட்டுகிறேன்.

தரைக்குள் இன்னும் உரம் இருக்கிறது.
யூரியா, பொட்டாஷ், எத்தனை மூடை சிந்தியதோ,
வானம் இருட்டினாலே சிமெண்டு வியர்க்கிறது.
கீழே மறந்த பதினாலாம் நம்பர் ஸ்பேனர்
விடிவதற்குள் துருப் பூத்துவிடுகிறது.

நேற்று ஒரு பெண்
மருந்தடிக்கும் ஸ்பிரேயரைத் தூக்கிக்கொண்டு
நேரே உள்ளே வந்துவிட்டாள்.
'வாசர் போயிட்டு. கடைக்காரர் மாத்தித் தருவாரு.'
மாற்றிக் கொடுத்தேன்.
காசு வேண்டாம் என்றதும்
முகத்தைச் சந்தேகமாகப் பார்த்தாள்.
இருபது ரூபாயை மடித்து
வைஸின் வாயில் வைத்து
ஒரு சுற்று இறுக்கிவிட்டுப் போனாள்.

கார்புரேட்டர் வேலை பாக்கி இருக்கிறது.
வைஸை இன்னும் தளர்த்தவில்லை.