திரும்பிய நேரம்

ஜெலுத்தோங் ஆபீசில் என் நாற்காலிக்குப் பின்னால்
இரும்பு அலமாரி. உள்ளே பதினொரு பம்ப் கன்.
சாவி என் கழுத்துச் சங்கிலியில்,
முருகன் டாலரோடு உரசிக்கொண்டு.

எண். பெயர். தோட்டா. எடுத்த நேரம்.
திரும்பிய நேரம். கையெழுத்து.
ஒன்பது வருஷமாய் ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிறேன்.

புனிதவதி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை,
புருஷனுக்குச் சோறு கொண்டுவந்தவள்போல்
டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு.
அவனுக்கு ராத்திரி ஷிப்ட்.
அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"அக்கா, தடி மட்டும் கொடுக்கிற வேலை இல்லையா அவருக்கு?
பள்ளிக்கூட கேட், கார் பார்க், எதுவானாலும்.
விடிஞ்சா நேரே வீட்டுக்குக் கொண்டாந்துடுறாரு.
நீட்டவெல்லாம் மாட்டாரு.
ரசச் சட்டிக்குப் பக்கத்துல படுக்கப் போட்டுட்டு
உப்பு ஏன் கம்மின்னு கேப்பாரு.
மெதுவாத்தான் கேப்பாரு."

பாடாங் தெம்பாக் ஃபிளாட், பதினாலாவது மாடி.
"சுடுற இடம்னு விலாசத்துலயே இருக்கு பாருங்க"
என்று சிரித்தாள்.
நானும் சிரித்தேன்.

அவன் மத்தியானம் கொண்டுவந்து வைத்த நாட்களிலெல்லாம்
காலை 7.10 என்று எழுதியது
இந்தக் கைதான்.

முதலாளியிடம் சொன்னேன்.
மாசக் கடைசி, நகைக்கடைக்கு ஆள் ஏது என்றார்.
அன்று சாயங்காலம்:
மாணிக்கராஜ். ஐந்து. 6.50.
அவன் கையெழுத்து எப்போதும் அழகு.

போலீஸ் உறையில் மூன்று தோட்டா காட்டினார்கள்.
கழித்தல் கணக்கு எனக்குத் தப்பியதே இல்லை.
ஒன்று அவளுக்கு. மற்றது அவனுக்கு.

"துப்பாக்கி இல்லேன்னா கத்தி" என்றார் முதலாளி.
இருக்கலாம்.
ஆனால் கத்தி மேசையைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும்.
அதற்குள் அவள்
கதவைத் திறந்திருப்பாள்,
லிஃப்ட் வராவிட்டால் படியில் இறங்கியிருப்பாள்,
பக்கத்து வீட்டு ஆ ஹுவாட்டின் இரும்புக் கேட்டை உலுக்கியிருப்பாள்.
ரசம் சிந்தியிருக்கும்.
தையலோடு பிழைத்து
மறுபடியும் என் மேசைக்கு வந்து
என்னைத் திட்டியிருப்பாள்.

அந்த வரியில்
திரும்பிய நேரம்
இன்னும் காலி.

இன்றைக்கு எட்டுப் பேர் வரிசையில்.
புதிதாகச் சேர்ந்த பையனிடம் கேட்டேன்:
வீட்டில் யார் யார்?
"ஏங்க்கா, பொண்ணு பாத்திருக்கீங்களா?" என்றான்.
பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

பேனா எழுதவில்லை.
உதறினேன்.
எழுதியது.