ஒரு புஸ், இரண்டு மௌனம்

சூடு ஆறியதும்
முன் ரோட்டரின் பிளக்குகளைக் கழற்றிவிட்டு
புரொப்பெல்லரைக் கையால் தள்ளினேன்.
புஸ்.
அப்புறம் ஒன்றுமில்லை.
அப்புறமும் ஒன்றுமில்லை.
மறுபடி, புஸ்.

மூன்று முகம் ரோட்டருக்கு.
ஒரு மூலையின் சீல் போனால்
இருபுறத்து அறையும் காற்றைக் கைவிடும்,
பொதுச்சுவர் இடிந்த இரண்டு வீடு மாதிரி.

கானாடுகாத்தான் பக்கம் யுத்தகாலத்து ஓடுபாதை,
வெடிப்பெல்லாம் எருக்கு.
வாலைப் பனையோடு வடம் போட்டுக் கட்டி
நானும் இத்ரீஸும் பூஸ்ட் ஏற்றிக்கொண்டிருந்தோம்.
முப்பத்தெட்டு அங்குலம் வரை தேன்.
நாற்பதில்,
தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டிய சத்தம்.
ஒரு நொடிதான்.
ஆடுகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு
விட்ட இடத்திலிருந்து மேய்ந்தன.
வடம் தளர்ந்து மண்ணில் கிடந்தது.

புதுவயலில், சீசன் முடிந்த ரைஸ்மில் கொட்டகையில்,
பாய்லர் கழற்றும் செயின் பிளாக்கில் எஞ்சினைத் தொங்கவிட்டோம்.
டர்போவின் வாய்க்குள் விரல் விட்ட இத்ரீஸ் சொன்னான்:
"அக்கா, பல்லு விழுந்திருக்கு."
பதினோரு இதழில் நான்கு மொட்டை.
ஒடிந்த சீல் வெளியே ஓடும் வழியில்
எதிர்ப்பட்டதையெல்லாம் கடித்துவிட்டுப் போயிருக்கிறது.
ஹவுசிங் உள்ளே,
இடுப்பு ஒடுங்கிய முட்டையின் குரோம் தோலில்,
நகம் போய்ச் சிக்கும் ஒரு கோடு.

முதலில் பெட்ரோல் பங்கைத் திட்டினேன்.
அடுத்து உமித்தூசியை.
அடுத்து போனை எடுத்து
காரைக்குடி லேத் சூசையை:
"காடியை ரெண்டு பாயிண்ட் தளர்வா வெட்டிட்டீங்க."
அந்தப் பக்கம் லேத் நிற்கவே இல்லை.
"சரிம்மா" என்றார்.
ஒப்புக்கொண்ட சரி இல்லை அது.

சீல் வந்து சேர மூன்று வாரம்.
ஆத்தங்குடியில் டைல் போடும் பஞ்சவர்ணத்திடம்
கீறல் விழாத கண்ணாடி ஒன்று கேட்டேன்.
"கல்லு ஊத்தவா?"
"இரும்பு தேய்க்க."
என்னவென்று கேட்கவில்லை.
நான்கைந்தை வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்து
கோணாத ஒன்றை எடுத்துத் தந்தார்.
அதன்மேல் எமரித்தாள், மண்ணெண்ணெய்,
எட்டுப் போட்டு எட்டுப் போட்டு
ஆறு சீல், இரண்டு ராத்திரி.
விரல் நுனியில் ரேகை போய்
போன் என்னை அடையாளம் தெரியாது என்றது.

ஒயர் மாட்டும் அன்றைக்குத்தான் பார்த்தேன்.
ஒரு ரோட்டருக்கு இரண்டு பிளக்:
முந்திப் பற்றுவது கீழே,
பிந்திப் பற்றுவது மேலே.
பின் ரோட்டர் ஒயர்களில் மஞ்சள் டேப்,
டேப்பில் பால்பாயிண்ட் பேனா.
மேல் பிளக்குக்குப் போகும் ஒயரில் 'முந்தி'.
கீழதில் 'பிந்தி'.
மெதுவாக ஓடும்வரை பொறுத்துக்கொண்டிருக்கிறது எஞ்சின்.
அந்த 'மு'வின் கோணல்
ஆறாம் வகுப்பிலிருந்து திருந்தாதது.
என்னுடையது.

மறுநாள் பட்டறையில்
ஒயரைச் சூசையின் மேசைமேல் வைத்தேன்.
படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"காடி?"
"சரியாத்தான் இருக்கு."
"அளந்தீங்களா?"
"அளந்தேன். திட்டினதுக்கு அப்புறம்."
டீ சொன்னார்.
ஹவுசிங் சரிபார்த்த கூலிக்குக் கீழே
அந்த டீயையும் பில்லில் எழுதினார்.
இரண்டு டீ.

இன்னும் சாவி போடவில்லை.
இன்று சாயங்காலம் எண்ணெய் ஊற்றி, பேட்டரியைப் பிடுங்கிவிட்டு
விசிறியை லேசாகத் தள்ளினேன்.
புஸ். புஸ். புஸ்.
எக்ஸாஸ்ட் பக்கம் காதை வைத்திருந்த இத்ரீஸ்
கையால் 'இன்னொரு தரம்' என்றான்.
புஸ். புஸ். புஸ்.
தேவையே இல்லாமல் இன்னொரு தரம்.

பழைய டேப்பை உரித்தாயிற்று.
புது டேப் ஒட்டியாயிற்று, வெறுமையாக.
பேனா இத்ரீஸிடம் இருக்கிறது.